கை எழுதும்போது வாய் ஏன் மூடியிருக்க வேண்டும்?

கொள்ளிடக்கரை எழுதியது:

என் மகளுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பில் படிக்கிறாள். அவளுடைய நோட்டைப் பார்ப்பவர்கள் எல்லோரும் பாராட்டுவார்கள். அச்சடித்ததுபோல் எழுத்து. போன ஞாயிற்றுக்கிழமை அவள் எழுதி வைத்திருந்த ஒரு பக்கத்தைக் காட்டி, "இதைப் படித்துக் காட்டு கண்ணு" என்றேன். முதல் வரியில் இரண்டு சொற்களைத் தாண்ட அவளால் முடியவில்லை. பலகையில் இருந்ததைப் பார்த்துக் கோடு கோடாக வரைந்து வந்திருக்கிறாள். பக்கம் பக்கமாக வரைந்திருக்கிறாள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

எனக்கு எழுதக் கற்றுக்கொடுத்தவர் என் தாத்தா. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். ஆற்று மணலைச் சலித்து முறத்தில் பரப்புவார். என் சுட்டுவிரலைப் பிடித்துக்கொள்வார். ஒரே ஒரு கட்டளைதான்: வாய் சொல்லாமல் விரல் நகரக் கூடாது. "ஆனா" என்று இழுத்துச் சொல்லிக்கொண்டே சுழிக்க வேண்டும். சொல் முடியும்போது எழுத்தும் முடிய வேண்டும். குரல் நின்று விரல் மட்டும் ஓடினால் மணலைக் கையால் நிரவிவிடுவார், மறுபடியும் முதலிலிருந்து. அப்போது எனக்கு அழுகை வரும். ஆனால் படிக்கத் தெரியாமல் எழுதிய நாள் என்று ஒன்று என் நினைவில் இல்லை.

மகளின் வகுப்பில் எழுதும் நேரத்தில் யாரும் வாய் திறக்கக் கூடாது. முணுமுணுத்தால் கண்டிப்பு. நாற்பது பிள்ளைகளும் வாயை மூடிக்கொண்டு நகலெடுக்கிறார்கள். இது சரியா? உங்கள் வீடுகளில், உங்கள் வகுப்புகளில் எப்படி? எனக்குத் தாத்தாவின் நினைவு மட்டும்தான் இப்படிப் பேசவைக்கிறதா என்பதையும் யாராவது நேராகச் சொல்லுங்கள்.


வடமராட்சி எழுதியது:

அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்ததும் எங்கள் வீட்டுச் சாமியறை கண்முன் வந்தது. எங்கள் பக்கம் இதை ஏடு தொடக்கல் என்போம். விஜயதசமியன்று நடக்கும். பனையோலை ஏட்டில் அகர வரிசையை எழுதி, மஞ்சள் பூசி, பிள்ளையின் கையில் கொடுப்பார்கள். தொடக்கி வைப்பவர் பிள்ளையை மடியில் இருத்தி ஒவ்வோர் எழுத்தாகச் சொல்வார், பிள்ளை திருப்பிச் சொல்லும். அதன் பிறகுதான் தட்டில் பரப்பிய பச்சரிசியில் விரல் வைப்பது. வாய் முதலில், கை பிறகு. இந்த ஒழுங்கை யாரும் மாற்றி நான் கண்டதில்லை.

நான் இப்போது புலம்பெயர்ந்து இருக்கிறேன். இங்கும் கோயில்களில் ஏடு தொடக்குகிறார்கள். ஆனால் அந்த ஒரு நாளோடு முடிந்துவிடுகிறது. மறுநாளிலிருந்து பிள்ளைகளுக்குப் புள்ளிக் கோட்டின்மேல் பென்சிலால் இழுக்கும் தாள்தான்.


கரும்பலகை எழுதியது:

கொள்ளிடக்கரை அம்மா, நேராகச் சொல்லச் சொன்னீர்கள். 26 ஆண்டுகளாகத் தொடக்கப் பள்ளியில் ஆசிரியை நான்.

உங்கள் மகளைப் பற்றிய கவலை முற்றிலும் நியாயமானது. பார்த்து எழுதச் சொல்லி நேரத்தை ஓட்டுவதை நானும் ஏற்கவில்லை. ஆனால் அதற்கு மருந்து திண்ணைப் பள்ளி என்றால் எனக்கு மனம் ஒப்பவில்லை. சத்தம் போட்டுச் சொல்வது வேறு, கற்பது வேறு. எனக்கு முன்னால் முப்பது பிள்ளைகள் ஒரே குரலில் ஆத்திசூடி சொல்வார்கள். கேட்கும் பெற்றோருக்குக் கண் கலங்கும். நான் நடுவில் ஒரு வரியைச் சுட்டிக்காட்டி இது எது என்று கேட்டால் பத்துப் பேருக்கு மேல் தெரியாது. மீதிப் பேர் பக்கத்துப் பிள்ளையின் குரலைப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள்.

இது புதிய குறையும் இல்லை. 1823இல் பல்லாரி கலெக்டராக இருந்த கேம்ப்பெல், தம் மாவட்டத்துப் பள்ளிகளைப் பற்றி அறிக்கை எழுதினார். அந்தப் பள்ளிகள் சிக்கனமாக நடப்பதையும் மணலில் எழுதிப் பழகுவதையும் விவரித்தவர், ஒவ்வொரு பையனும் எண்ணற்ற செய்யுள்களை ஒப்பிக்கிறான், ஆனால் பொருளைப் பொறுத்தவரை கிளிக்குத் தெரிந்ததைவிட அதிகமாக அவனுக்குத் தெரியாது என்றும் எழுதியிருக்கிறார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கவர்னர் தாமஸ் மன்றோ 1822இல் கேட்ட கணக்கைத் தொகுத்தபோது மதராஸ் மாகாணத்தில் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். அதில் பெண்பிள்ளைகள் 4,540 பேர். நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. என் பாட்டிக்கு எந்தத் திண்ணையிலும் இடம் கிடைத்ததில்லை. எங்கள் சேரியில் ஆண்பிள்ளைகளுக்கும் கிடைத்ததில்லை. அந்த மணலை நினைத்து என்னால் உருக முடியாது, மன்னித்துக்கொள்ளுங்கள்.


கொள்ளிடக்கரை எழுதியது:

மன்னிப்புக் கேட்க வேண்டியவள் நான்தான் அம்மா. தாத்தாவின் கையை நினைத்தேன், அந்தத் திண்ணையில் யார் உட்கார்ந்தார்கள் என்பதை நினைக்கவில்லை. நீங்கள் சொன்னதை மறக்க மாட்டேன்.

ஆனாலும் ஒன்று கேட்கிறேன். முப்பது பேர் சேர்ந்து கத்துவதும், ஒரு பிள்ளை தான் எழுதும் எழுத்தைத் தன் வாயால் சொல்லிக்கொண்டே எழுதுவதும் ஒன்றுதானா? இரண்டாவதில் ஒளிந்துகொள்ள இடமே இல்லையே.


ஓலைக்கட்டு எழுதியது:

சுவடி படிக்கும் வேலையில் இருப்பவன் என்பதால் சில செய்திகள் சொல்லலாம் என்று தோன்றுகிறது.

பழைய ஏட்டில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இருக்காது. எழுத்தாணி ஓலையைக் கிழித்துவிடும் என்பது ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. சொற்களுக்கு நடுவே இடைவெளி கிடையாது. எகர ஏகாரம், ஒகர ஓகாரம் வேறுபாடு தெரியாது. எரியும் ஏரியும் ஒரே வடிவம், கொடுவும் கோடும் ஒரே வடிவம். துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். இன்று நாம் எழுதும் ஏகார, ஓகார வடிவங்களை வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் வகுத்தார் என்பது பலருக்கும் தெரிந்த செய்தி.

இப்படிப்பட்ட ஏட்டைக் கண்ணால் மட்டும் படித்தால் ஒன்றும் நடக்காது. நான் இன்றும் அறையில் தனியாக உட்கார்ந்து உரக்கத்தான் படிக்கிறேன். ஒருமுறை எரி என்று சொல்லிப் பார்ப்பேன், செய்யுளின் ஓசை இடறும். ஏரி என்று நீட்டுவேன், அடி சரியாக விழும். காதுதான் தீர்ப்புச் சொல்கிறது. எழுத்து என்பது குரலுக்கான பாதிக் குறிப்பு, மீதியை வாய் நிரப்ப வேண்டும். அந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் செய்யுளை முதலில் வாயில் ஏற்றியதற்கு இது ஒரு வலுவான காரணம் என்று நினைக்கிறேன். செய்யுள் காதில் இல்லாதவனுக்கு ஏடு திறக்காது.

பெரியவர்கள் எழுதியதும் அப்படித்தான். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை செய்யுளை மனத்திலேயே கட்டி வாயால் சொல்வார், மாணவர் ஒருவர் ஏட்டில் எழுதுவார். உ.வே.சாமிநாதையர் அவரிடம் படித்த காலத்தில் அப்படி எழுதியவர்களில் ஒருவர். பிற்காலத்தில் புள்ளியில்லாத ஏடுகளிலிருந்து சங்கநூல்களைப் பிரித்தெடுத்து அச்சுக்குக் கொண்டுவந்த காதுக்கு அங்கே கிடைத்த பயிற்சியும் ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன். நூல் எழுதி முடிந்தாலும் அவையில் படித்து அரங்கேற்றினால்தான் அது நூல்.

அந்தகக்கவி வீரராகவ முதலியாரை எண்ணிப் பாருங்கள். பிறவியிலேயே பார்வையில்லாதவர். அவருடைய முதுகில் எழுதிக் காட்டி எழுத்தறிவித்தார்கள் என்று சொல்வார்கள். ஏட்டில் எழுதாமல் மனத்திலேயே எழுதிப் படித்தவர் என்று ஒரு பழம்பாடல் அவரைப் புகழ்கிறது.

கரும்பலகை அம்மா சொன்ன சாதிப் பாகுபாடும் ஆண்பெண் பாகுபாடும் உண்மை, அதற்கு மறுப்பே இல்லை. ஆனால் மணல் யாருக்கும் சொந்தமில்லை. 1789இல் எழும்பூரில் படைவீரர்களின் அனாதைப் பிள்ளைகளுக்கான விடுதிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், இந்நாட்டுப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்தார். தம் பள்ளியிலும் அப்படிச் செய்யச் சொன்னார். ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. எட்டு வயதுப் பையன் ஒருவனிடம் சின்னப் பிள்ளைகளை ஒப்படைத்தார், அவன் சொல்லிக்கொடுத்துவிட்டான். பெல் ஊர் திரும்பி 1797இல் அதைப் பற்றி எழுத, மதராஸ் முறை என்ற பெயரில் பிரிட்டனில் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளுக்குப் பரவியது. இங்கே திண்ணையில் இடம் மறுக்கப்பட்டவர்களுக்கும் அந்த மணல் வந்திருக்க வேண்டும். வராமல் தடுத்தது மனிதர்கள் செய்த அநியாயம்.


கரும்பலகை எழுதியது:

கடைசி இரண்டு வரிகளுக்காக நன்றி ஐயா. எட்டு வயதுப் பையன் செய்தி எனக்குப் புதிது.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். எழுத்தின் பெயரைச் சொல்லிக் கற்பிப்பதை நானும் விடவில்லை. பிள்ளைகளுக்கு ண, ன, ந மூன்றும் குழம்பும். மூன்று சுழி, இரண்டு சுழி என்று கண்ணுக்கு அடையாளம் சொன்னால் எழுத்தைக் கண்டுபிடிப்பார்கள், ஆனால் எங்கே எதைப் போடுவது என்பது தெரியாது. பழைய பெயரைச் சொல்ல வைத்தால் வேலை பாதி முடிந்துவிடும். டண்ணகரம், றன்னகரம், தந்நகரம். வண்டு, பண்டம் என்று ட வரும் இடத்தில் அதற்கு முன்னால் ண். கன்று, தென்றல் என்று ற வரும் இடத்தில் ன். பந்து, சந்தை என்று த வரும் இடத்தில் ந். எழுத்தின் பெயருக்குள்ளேயே இனம் ஒளிந்திருக்கிறது. வாய்விட்டுச் சொன்னால் நாக்கு மடங்கும் இடமே காட்டிக்கொடுத்துவிடும். இதை யார் வைத்த பெயரோ, அவர்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்து பழகியவர்கள்.


அஞ்சல் பை எழுதியது:

ஓரமாக இருந்து படித்துக்கொண்டிருந்தேன். எனக்கு 69 வயது. என் எழுத்துப் பழக்கம் பள்ளிக்கூடத்தில் வந்ததில்லை, எதிர்வீட்டு அப்பத்தாவால் வந்தது. அதைச் சொல்ல வேண்டும்போல் இருக்கிறது.

எங்கள் ஊர் தேவகோட்டைக்குப் பக்கத்தில். 1960களில் எங்கள் தெருவில் பல வீட்டு ஆண்கள் மலேசியாவில் இருந்தார்கள். ஊரில் எல்லோரும் மலாயா என்றுதான் சொல்வோம். எதிர்வீட்டு அப்பத்தாவின் மகன் அங்கே தோட்டத்தில் வேலை பார்த்தார். அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் மூன்றாம் வகுப்புக்கு வந்ததும், நீல நிற ஏர் மெயில் தாளோடு வந்து என் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். அவள் சொல்லச் சொல்ல நான் எழுத வேண்டும். முடிந்ததும் "படி" என்பாள். அவள் காதில் படித்துக் காட்டாத கடிதம் ஒன்றுகூட எங்கள் தெருவைத் தாண்டிப் போனதில்லை.

முதல் கடிதத்தில் பள்ளிக்கூடத்தில் கற்றபடி "நான் நலமாக இருக்கிறேன்" என்று எழுதினேன். படித்ததும் கையை நீட்டி நிறுத்தினாள். "நான் அப்படிச் சொல்லவில்லையே" என்றாள். அவள் சொன்னது, "கிடக்கிறேன்". இரண்டும் ஒன்றுதானே அப்பத்தா என்றேன். "இருக்கிறேன் என்றால் அவன் நம்பிவிடுவான். கிடக்கிறேன் என்று போடு, அவனுக்கு விளங்கும்" என்றாள். அடித்துவிட்டு மேலே எழுதினேன். ஒரு சொல்லுக்கும் இன்னொரு சொல்லுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பதை எனக்கு முதன்முதலாகக் காட்டியவள் அவள்தான். எட்டு வயதில்.

இன்னொரு முறை அவர்கள் வீட்டுப் பசு இறந்துவிட்டது. அந்த மகன் ஆசையாக வளர்த்த கன்று, பெரிதாகிப் பால் கொடுத்தது. செத்துவிட்டது என்று எழுதிப் படித்தேன். அப்பத்தா முகம் மாறிவிட்டது. "அந்த வார்த்தை கடல் தாண்டிப் போக வேண்டாம்" என்றாள். வெகுநேரம் யோசித்து, "தொழுவம் சும்மா கிடக்கிறது என்று எழுது" என்றாள். எழுதிப் படித்தேன். இரண்டாவது முறையும் படிக்கச் சொன்னாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, ஒட்டு" என்றாள்.

பல ஆண்டுகள் கழித்துக் கல்லூரியில் நன்னூல் பாடம். மங்கலம் என்று ஒரு வழக்கு வந்தது. இறந்தாரைத் துஞ்சினார் என்பது, சுடுகாட்டை நன்காடு என்பது, ஓலையைத் திருமுகம் என்பது, கறுப்பு ஆட்டையும் வெள்ளாடு என்றே சொல்வது. விளக்கை அணை என்னாமல் குளிரவை என்பதும், போகிறேன் என்னாமல் போய் வருகிறேன் என்பதும் அதே வழியில் வந்தவைதான். வகுப்பில் எல்லோரும் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அப்பத்தாவின் தொழுவம் ஞாபகத்துக்கு வந்து, எழுத முடியவில்லை. சொல் வாயை விட்டு வந்தால் ஏதோ ஒன்றைச் செய்துவிடும் என்று அவள் முழுதாக நம்பினாள். நானும் நம்புகிறேன். தாளில் மௌனமாகக் கிடக்கும் வரையில் அந்தச் சொல்லின் எடை எனக்கே தெரிவதில்லை. வாய்விட்டுப் படித்தால் தெரிந்துவிடுகிறது.

இன்றும் எதை எழுதினாலும், மின்வாரியத்துக்கு எழுதும் விண்ணப்பமாக இருந்தாலும், கதவைச் சாத்திக்கொண்டு ஒருமுறை உரக்கப் படித்துவிட்டுத்தான் அனுப்புகிறேன்.


வடமராட்சி எழுதியது:

அஞ்சல் பை ஐயா, என் அம்மம்மாவுக்கும் நான்தான் கடிதம் எழுதினேன். போர்க் காலம். கடிதம் போய்ச் சேருமா என்பதே தெரியாது. சில செய்திகளை எழுதவே கூடாது என்பார். ஆனால் எழுதாமல் விட்டதையும் எனக்கு வாயால் சொல்வார், நான் கேட்டுக்கொள்ள வேண்டும். இதற்குமேல் இப்போது எழுத முடியவில்லை.


கரும்பலகை எழுதியது:

இரண்டு நாள்களாக உங்கள் அப்பத்தாவை என் வகுப்பறைக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் ஐயா. எங்களிடம் சொல்வதெழுதுதல் என்று ஒன்று இருக்கிறது. நான் சொல்வேன், பிள்ளைகள் எழுதுவார்கள், நான் சிவப்பு மையால் சுழிப்பேன். பிள்ளைகளுக்கு அது என்றாலே பயம். அதில் பேசுவது எப்போதும் நான் மட்டுமே. அவர்கள் சொல்ல நினைப்பது எதுவும் நோட்டுக்குள் வருவதே இல்லை.

நேற்று மாற்றிப் பார்த்தேன். இரண்டு இரண்டு பேராக உட்கார வைத்தேன். ஒரு பிள்ளை தன் வீட்டைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும், பக்கத்துப் பிள்ளை எழுத வேண்டும், எழுதியதைச் சொன்னவர் காதில் படித்துக் காட்ட வேண்டும். பத்து நிமிடத்தில் வகுப்பு சந்தைக்கடை ஆகிவிட்டது. "நான் அப்படிச் சொல்லவில்லை" என்ற சண்டை நான்கு மூலைகளிலிருந்தும் கேட்டது. எத்தனையோ ஆண்டுகளாக நான் எதிர்பார்த்த சண்டை அது. பேசவே பேசாத ஒரு பையன், "என் அப்பா ராத்திரி வரவில்லை" என்று சொல்லி எழுத வைத்திருந்தான். அதை நான் சிவப்பு மையால் தொடவில்லை.

கொள்ளிடக்கரை அம்மா, உங்கள் கேள்விக்கு என் பதில் மாறிவிட்டது. கூட்டமாகக் கத்துவதை இப்போதும் எதிர்க்கிறேன். தன் சொல்லைத் தன் வாயால் சொல்லி எழுதுவதை எதிர்க்க எனக்குக் காரணம் இல்லை.


ஓலைக்கட்டு எழுதியது:

அம்மா சொன்னதற்குத் துணையாக ஒரு செய்தி. வாய்விட்டுப் படித்த சொற்கள் மனத்துக்குள் படித்த சொற்களைவிட நன்றாக நினைவில் நிற்கின்றன என்பதைக் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் காலின் மெக்லியோடும் உடன் ஆய்வாளர்களும் 2010இல் விரிவாக எழுதினார்கள். கவனிக்க வேண்டியது, சிலவற்றை உரக்கவும் சிலவற்றை மௌனமாகவும் கலந்து படிக்கும்போதுதான் அந்தப் பயன் நன்றாகத் தெரிகிறது. எல்லாவற்றையும் ஒரே சத்தமாகப் படித்தால் எதுவும் தனித்து நிற்பதில்லை. நாள் முழுவதும் ஒரே குரலில் ஒப்பித்தால் என்ன ஆகும் என்று கரும்பலகை அம்மா கண்டதும் இதோடு பொருந்துகிறது.


கொள்ளிடக்கரை எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பார்த்து எழுதும் வீட்டுப்பாடத்தை நிறுத்தவில்லை, பள்ளியில் கேட்பார்கள். ஆனால் அதற்குப் பிறகு தினமும் பத்து நிமிடம் முறத்தில் மணல். முதல் நாள் அவளுக்கு வெட்கம், குரலே வரவில்லை. எழுதும்போது பேசினால் தப்பு என்று ஆழமாகப் பதிந்திருக்கிறது. நானும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிச் சொல்லி எழுதினேன். நான்காம் நாள்தான் வாய் திறந்தது. இப்போது டண்ணகரம் என்ற பெயர் அவளுக்கு மிகவும் பிடித்துவிட்டது, வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

நேற்று ஊரில் இருக்கும் ஆயாவுக்கு அவளாகவே ஓர் அஞ்சலட்டை எழுதினாள். ஒவ்வொரு சொல்லையும் உரக்கச் சொல்லி, காது கேட்டபடி எழுதினாள். ஐந்து வரி. கோழிக்குஞ்சு எத்தனை என்று கேட்டிருக்கிறாள், பல் விழுந்த செய்தியைச் சொல்லியிருக்கிறாள். எழுத்து பழைய நோட்டைப்போல் அழகாக இல்லை, கோணலாக ஓடுகிறது. மூன்று பிழைகள் இருக்கின்றன. குஞ்சு என்பதில் ஞ் இல்லை, விழுந்தது என்பதில் ழு லு ஆகிவிட்டது, வருவேன் என்பது வறுவேன் ஆகியிருக்கிறது. திருத்தி அனுப்புவதா, அப்படியே போடுவதா?


அஞ்சல் பை எழுதியது:

அப்படியே தபாலில் போடுங்கள் தாயி. அந்தக் கோணல் எழுத்தை ஆயா எத்தனை நாள் வைத்திருப்பார் என்று உங்களுக்கே தெரியும்.


கரும்பலகை எழுதியது:

நான் ஐயாவோடு இதில் உடன்படவில்லை. நீங்கள் திருத்தாதீர்கள், ஆனால் போடுவதற்கு முன் அவளையே ஆயாவாக நினைத்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். விரலை எழுத்தின்மேல் வைத்து, மெதுவாக. அவள் காதுக்குத் தட்டுப்படுவதை அவள் திருத்தட்டும். தட்டுப்படாதது அப்படியே போகட்டும், அதற்கு இன்னும் காலம் இருக்கிறது.


கொள்ளிடக்கரை எழுதியது:

படித்தாள். விழுந்தது வந்த இடத்தில் தானாக நின்று, மறுபடியும் சொல்லிப் பார்த்து, நாக்கை மடக்கிக்கொண்டு லு என்பதை அடித்து மேலே ழு எழுதினாள். குஞ்சும் வறுவேனும் அவள் காதில் படவில்லை. இன்று காலையில் பள்ளிக்குப் போகும் வழியில் அவள் கையாலேயே தபால் பெட்டியில் போட்டுவிட்டோம்.